தண்டல் காசும் காணிக்கையும்

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு வெஸ்ட்ரில, அதான் சர்ச் ஆபீஸ் ரூம்ல, காணிக்கை எண்ணிட்டு இருந்தோம், சர்ச் கட்டிட நிதிக்கு நான்தான் ரசீது போடறேன். ஒரு கவர்ல பத்து அம்பது ரூபா நோட்டு, நாலா மடிச்சு, ஒண்ணுல மீன் செதில் காஞ்சு ஒட்டிகினு இருக்கு. பேரைப் பாக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு எங்க தெரு ஆயாதான்னு. சென்னை காசிமேட்ல அன்னக்கூடையில மீன் வெச்சு விக்கறவங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் போட்ல வர்றது கொஞ்சம், மிச்சம் கேரளா பக்கம் இருந்து லாரில வர்ற ஐஸ் மீனு, அதைக் கேட்ட விலைக்கு எடுத்து வித்தா கையில இன்னா நிக்கும்? இதுல 500 ரூபா எங்க இருந்து வந்துச்சு?

இன்னிக்கு ஆராதனையிலதான் ஒரு லட்சத்துக்கு மேல குடுத்தவங்க பேரெல்லாம் மைக்ல படிச்சாங்க. சர்ச்ல வைக்கற கல்வெட்டுல வரப்போகுதாம்.

மே 6, செவ்வாய்

ஆயா கிட்ட கேட்டுட்டேன். "தண்டல் வாங்குனேன் கண்ணு, அதுல எடுத்து போட்டேன், கர்த்தர் வீடு கட்றாங்க, நான் சும்மா இருப்பனா"ன்னாங்க. தண்டல்னா தினக்கட்டு வட்டிக் கடன், தண்டல்காரன் 10,000ன்னு எழுதி 9,000 கையில குடுப்பான், தினம் 100, நூறு நாள் கட்டணும், தடைக்காலம்னா அவனுக்கு இன்னா. அட்டையைக் காட்டுனாங்க, கட்டம் கட்டமா டிக், நடுவுல கட்டாத நாளெல்லாம் சிவப்பு மையில சுழிச்சிருக்கு.

மே 8, வியாழன்

பைபிள்ல மாற்கு 12ம் அதிகாரம் எடுத்து உக்காந்தேன். ஏழை விதவை ஒருத்தி ஆலயத்துல காணிக்கையா போட்ட ரெண்டு காசு, ஒரு நாள் கூலியான ஒரு தெனாரியத்துல 64ல ஒரு பங்குதான். இங்க கூலி 800ன்னு வெச்சா 12.50 ரூபா. இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிர்ல உக்காந்து ஜனங்க எப்படிப் போடறாங்கன்னு பாத்துட்டு, எல்லாரையும் விட இவதான் அதிகம் போட்டான்னு சொல்றாரு. போட்டது எவ்வளவுன்னு பாக்கல, போட்டதுக்கு அப்புறம் அவ கையில இன்னா மிச்சம்னு பாத்தாரு, அதான் கணக்கு.

ஆனா இதோட முன்னாடி பின்னாடி யாரும் படிக்கறதில்ல. சரியா அதுக்கு முன்னாடி 40வது வசனத்துல, நீண்ட ஜெபம் பண்ணி விதவைகளோட வீட்டைப் பட்சிக்கறவங்களுக்கு அதிக ஆக்கினை, அதாவது தண்டனை, வரும்னு சொல்றாரு. அதுக்கு அடுத்து 13ம் அதிகாரம் ஆரம்பத்துலயே சீஷன் ஒருத்தன் ஆலயத்தைக் காட்டி எப்படிப்பட்ட கல்லு பாருங்கன்னு பெருமையா சொல்ல, ஒரு கல்லு மேல ஒரு கல்லு நிக்காதுங்கறாரு. மூணையும் சேத்துப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அந்த விதவையோட விசுவாசம் பெருசு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா ஒரு விதவை தன் சாப்பாட்டுக் காசை முழுசா பெட்டியில போட வேண்டிய நிலைமையில அவளை விட்ட ஆலயத்தை இயேசு பாராட்டவே இல்ல.

மே 11, ஞாயிறு

இன்னிக்கு பிரசங்கம் அதே பகுதி. ரெண்டு காசு போட்டவளே அவ்வளவு குடுத்தா நீங்க எவ்வளவு குடுக்கணும்னு முடிச்சாங்க. ஆயா கடைசி பெஞ்சுல தலையாட்டி ஆமென் சொல்லிகினு இருந்தாங்க, எனக்கு உக்காரவே முடியல. பொன் மோதிரம் போட்டவனை நல்ல இடத்துல உக்கார வெச்சு, கந்தை கட்டினவனை நீ அங்க நில்லுன்னு சொல்றீங்களேன்னு யாக்கோபு 2ல கேட்ட கேள்வி, கல்வெட்டுக்கும் சேத்துதான்.

மே 13, செவ்வாய்

பணம் இருக்கறவங்க மேல எனக்குக் கோவம் கிடையாது. லூக்கா 8ல பாத்தா இயேசுவுக்கும் சீஷருக்கும் தங்க ஆஸ்தியால ஊழியம் செஞ்ச பெண்கள் இருக்காங்க. வரி வசூல் பண்ற பணக்காரர் சகேயு தன் ஆஸ்தில பாதியை ஏழைங்களுக்குக் குடுத்து, அநியாயமா வாங்குனதை நாலு மடங்கா திருப்பித் தரேன்னாரு. எங்க சபையிலயே எம்.சி. ரோட்ல துணிக்கடை வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தர், ஜூன் மாசம் ஆனா பசங்க ஃபீஸ் கட்டறாரு, ரசீதுல பேர் போடாதீங்கன்னுவாரு. ஏழையா இருந்தா பரிசுத்தம்னும் இல்ல, பணக்காரன்னா பாவின்னும் இல்ல. எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது ஒருத்தனுக்கு ஜீவன் அல்லன்னு லூக்கா 12:15ல தெளிவா இருக்கு, அப்போ ஆஸ்தியை வெச்சு ஒருத்தரை அளக்கற உரிமை சபைக்கு யார் குடுத்தது?

மே 18, ஞாயிறு

கமிட்டில பேசிட்டேன். பேர் படிக்கறதை நிறுத்தணும், கட்டிட நிதியில ஒரு பங்கு தடைக்காலத்துல கஷ்டப்படற விதவைங்களுக்குப் போகணும். அப்போஸ்தலர் 6ல விதவைங்களைக் கவனிக்காம விட்டாங்கன்னு முறுமுறுப்பு வந்தப்போ அப்போஸ்தலர் அதை சின்ன விஷயம்னு தள்ளல, ஏழு பேரை அதுக்குன்னே நியமிச்சாங்கன்னு எடுத்துச் சொன்னேன். ஒரு பெரியவரு, "கல்வெட்டு ஆர்டர் குடுத்தாச்சும்மா, நிதியைத் திருப்ப முடியாது"ன்னாரு. ஆயரு, அதான் எங்க பாஸ்டர், மட்டும் அமைதியா இருந்துட்டு, எத்தனை பேர் தண்டல்ல மாட்டியிருக்காங்கன்னு லிஸ்ட் எடுத்துட்டு வா, அடுத்த கமிட்டில வைக்கறேன்னாங்க. துணிக்கடை அண்ணன் ஆயா தண்டலை நாளைக்கே அடைச்சிடறேன்னாரு, ஆனா ஒரு ஆயாவோட இது முடியாது. நாளைல இருந்து சாயங்காலம் காசிமேடு பக்கம் வீடு வீடாப் போகணும், கூட ரெண்டு அக்காங்க வரேன்னிருக்காங்க.