வெள்ளிக்கிழம ராத்திரி ஒம்போது மணி

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு விட்டுட்டே இருந்தேன், ஊர்ல யாராவது படிச்சிருவாவளோன்னு பயம். இப்ப படிச்சா படிக்கட்டும். நான் உடம்பு கொறைய ஊசி போடுறேன். மவுஞ்சாரோ, வாரத்துக்கு ஒண்ணு.

தொடங்கும்போ 96 கிலோ இருந்தேன், உயரம் 158 சென்டிமீட்டர்தான். குலசேகரம் பக்கம் ஒரு அண்டியாபீஸ்ல, அதான் முந்திரிப்பருப்பு ஃபாக்டரில, கணக்கு எழுதுற வேலை, காலைல இருந்தா சாயங்காலம்தான் எழும்புவேன். முட்டு வலில மாடிப்படி ஏற முடியல, சுகரும் எல்லையில வந்து நின்னுச்சு. அதுக்கு முன்னால எல்லாம் செஞ்சு பாத்தாச்சு, பேலியோ, நடை, வெந்தயத் தண்ணி, ராத்திரி பட்டினி. பத்து கிலோ கொறையும், அப்புறம் பதிமூணு ஏறும். ஒரு டாக்டர் ரெண்டு நர்சுமாருக்கு முன்னால வச்சு "வாயக் கட்டத் தெரியாதா"ன்னு கேட்டாரு, நான் ஒண்ணும் சொல்லாம எறங்கி வந்து மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன், எங்க ஊர் பஸ்சு ரெண்டு போச்சு, ஏறத் தோணல.

2025 மார்ச்சுல இந்த மருந்து இந்தியாவுக்கு வந்துச்சு, அப்புறம் நாகர்கோவில்ல வேற ஒரு சுகர் டாக்டர பாத்தேன். அவிய என்ட்ட, ஒங்க வீட்ல யாருக்காவது தைராய்டு கேன்சர் உண்டா, கணையத்துல வீக்கம் வந்திருக்கான்னு எல்லாம் கேட்டாவ. நம்ம குடல்ல சாப்பிட்ட ஒடனே சொரக்குற ரெண்டு ஹார்மோன் மாதிரிதான் இந்த மருந்து வேல செய்யும், வயிறு பையப்பைய காலியாகும், போதும்ங்குற சொல்லு மூளைக்குப் போகும்னு பொறுமையா சொன்னாவ. எனக்கு அந்த சொல்லே இத்தன வருஷமா சரியா போகாம இருந்திருக்கும்போலன்னு அன்னைக்குத்தான் தோணிச்சு. மொதல்ல நாலு வாரம் 2.5 மில்லிகிராம், அப்புறம் 5. அப்ப 2.5 குப்பி ஒண்ணு 3,500 ரூவா, 5 ஒண்ணு 4,375. மாசத்துக்கு நாலு. எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், குப்பிய ஒரு பழைய பவுடர் டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜுல மாமியோட ஊறுகாய் பரணிக்குப் பொறத்தால வச்சிருந்தேன். ஊசி போட்டு மெலிஞ்சான்னு பேசுவாவ, அதுதான் பயம்.

டாக்டரப் பாக்க காத்திருக்கும்போ பக்கத்துல இருந்த ஒரு அக்காதான் ஒரு வாட்ஸ்அப் குரூப்புல சேத்து விட்டாவ. எல்லாரும் இதே ஊசி, இல்லன்னா செமாக்ளூடைடுன்னு இதே மாதிரி இன்னொரு ஊசி போடுறவிய. ரெண்டு வாரம் நான் ஒரு வார்த்தையும் போடல, சும்மா வாசிச்சேன். அங்க யாரும் "எத்தன கிலோ"ன்னு கேக்க மாட்டாவ, சொன்னா கேப்பாவ. மருந்து அளவு கேட்டா "அத உன் டாக்டர்ட்ட கேளு மக்ளே"ன்னு ஒரே பேச்சு, மீதி மருந்த ஒருத்தருக்கு ஒருத்தர் குடுக்குற வேலையே கெடையாது. எனக்கு அந்த கண்டிப்பு ரொம்ப புடிச்சுது, அக்கறை இருக்குறவியதான் அப்படி சொல்வாவ.

5க்கு ஏறுன மொத வாரம் மார்த்தாண்டத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். பழைய ஓர்மையில பிரியாணிய எப்பவும்போல சாப்பிட்டுட்டேன். ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தொடங்குன வாந்தி நிக்கவே இல்ல, ஓக்காளம் ஓக்காளமா வருது, பாத்ரூம் தரையில இருந்துட்டு ஒன்றரை மணிக்கு குரூப்புல "யாராவது முழிச்சிருக்கியளா"ன்னு மட்டும் போட்டேன். தோஹாவுல நர்சா இருக்குற ஒரு அக்கா, கருங்கல் ஊர்க்காரி, அவியளுக்கு அப்ப பதினொரு மணி, டியூட்டி முடிஞ்சு வந்த நேரம், ஒடனே வாய்ஸ் மெசேஜ் போட்டாவ. "பிள்ளே, மேல் வயிறு வலிக்கா? வலி முதுகுக்குப் போவுதா? காய்ச்சல் உண்டா? முதுகுக்குப் போச்சுன்னா எனக்கு மெசேஜ் போட்டுட்டு இருக்காத, வீட்டுக்காரர எழுப்பி ஆஸ்பத்திரிக்கு போ." வலி இல்லன்னேன். "அப்ப ஒரு ஸ்பூன் கஞ்சித் தண்ணி, உப்பு போட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு ஸ்பூன். மடமடன்னு குடிச்சிராத." அஞ்சு அஞ்சு நிமிஷத்துக்கு "குடிச்சியா"ன்னு கேட்டு கேட்டு நாலு மணி வர இருந்தாவ. அவியளுக்கு காலைல மறுபடி டியூட்டி உண்டு. நான் இதுவர அந்த அக்கா முகத்த பாத்ததில்ல, குரல் மட்டும்தான். விடிஞ்சதும் டாக்டருக்கு போன் பண்ணினேன், 2.5க்கே திரும்பி, இன்னும் ஒரு மாசம் அதுலயே நில்லுன்னாவ.

ஒருநாள் மழைல கரண்டு முழுநாளும் போயி, ஃபிரிட்ஜுல மருந்து கெட்டுப்போச்சுன்னு நான் அழுதப்பவும் அந்த தோஹா அக்காதான், 30 டிகிரிக்கு மேல சூடாகாம இருந்தா 21 நாள் வர வெளிய இருக்கலாம், அட்டைய வாசிச்சுப் பாருன்னு சொன்னாவ.

ஆனா என்ன உள்ள வர தொட்டது குரூப்புல உள்ள கோட்டார் ஊர் அண்ணன் ஒருத்தரு விஷயம். எங்க குரூப்புல வெள்ளிக்கிழம ராத்திரி ஒம்போது மணி ஆனா "ஊசி போட்டாச்சா மக்கா"ன்னு அந்த அண்ணன்ட்ட இருந்து மெசேஜ் வரும், ஒரு வாரமும் தப்பாது. போன மாசம் அண்ணனே எழுதுனாரு, மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், அதுனால ரெண்டு மாசத்துக்கு முன்னயே மருந்த நிறுத்திட்டேன், ஏழு கிலோ திரும்ப ஏறிட்டு, உங்க முன்னால நிக்க வெக்கமா இருக்கு, குரூப்ப விட்டு போறேன்னு. வாசிச்சப்போ எனக்கு நெஞ்சு அடச்சுப் போச்சு, ஏன்னா அது நான் பேலியோ விட்ட கதைதான். யாரும் புத்தி சொல்லல. தோஹா அக்கா மட்டும், மருந்து நிறுத்துனா எட திரும்புறது ஆராய்ச்சிலயே பாத்திருக்காவ அண்ணா, இது ஒங்க தப்பு இல்ல, சுகருக்கும் பிரஷருக்கும் மருந்து நிறுத்துனா ஏறத்தான செய்யும், டாக்டர்ட்ட போயி சொல்லுங்கன்னு எழுதுனாவ. அப்புறம் ஒவ்வொருத்தரா, எனக்கும் ஏறியிருக்கு, எனக்கும் பணம் முட்டியிருக்குன்னு. நானும் அன்னைக்குத்தான் மொத மொதலா பஸ் ஸ்டாண்டுல இருந்த கதைய முழுசா எழுதுனேன், எங்க வீட்டுக்காரர்ட்ட கூட சொல்லாதது.

அண்ணன் போகல. இப்பவும் ஊசி போடல, பழையபடி நடக்குறாரு, டாக்டர் வேற மாத்திரை குடுத்திருக்காரு.

இன்னைக்கும் வெள்ளிக்கிழமதான். குப்பிய ஃபிரிட்ஜுல இருந்து வெளிய எடுத்து மேசைல வச்சிருக்கேன், பவுடர் டப்பா இல்லாம, மாமி கண்ணுக்கு முன்னாலயே. இத எழுதிட்டு இருக்கும்போவே போன் மினுங்குது. "ஊசி போட்டாச்சா மக்கா."