எலக்ட்ரிக் வீல்சேர் பேட்டரி: அளந்து, சார்ஜ் ஏற்றி, மாற்றிய வேலைக் குறிப்பு

எடுத்துக்கொண்ட வண்டி 24 வோல்ட் எலக்ட்ரிக் வீல்சேர். உள்ளே 12 வோல்ட், 55 ஏ.எச். (ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அலகு) ஏ.ஜி.எம். பேட்டரி இரண்டு, தொடராக இணைத்தவை. ஏ.ஜி.எம். என்பது அமிலத்தைக் கண்ணாடி நார் விரிப்பில் ஊறவைத்து சீல் செய்த ஈயப் பேட்டரி. சார்ஜர் 24 வோல்ட், 8 ஆம்பியர். குறை இதுதான்: இரவெல்லாம் சார்ஜில் கிடந்து பச்சை விளக்கு வந்த பிறகும், வழக்கமான தூரத்தில் பாதிகூடப் போகாமல் ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் காட்டி சிவப்புக்கு இறங்குகிறது. வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி மஞ்சளுக்கு ஏறிவிடுகிறது. ஓடும்போது விழுந்து, நின்றால் ஏறும் வோல்ட்டேஜ் என்றால் முதல் சந்தேகம் பேட்டரியின் உள் மின்தடை மேல். அடுத்தது, கழன்றிருக்கும் முனைகள் மேல்.

பேட்டரிப் பெட்டியைத் திறக்கும் முன் ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இந்த வேலை ஒரே நாளில் முடியாது. நாற்காலியில் உட்காருபவருக்கு அதுவரை தள்ளுநாற்காலியோ வேறு வண்டியோ கையில் இருக்க வேண்டும். அது கிடைக்காமல் பேட்டரியைக் கழற்றாதீர்கள்.

மோதிரம், காப்பு, உலோக வார் கொண்ட கைக்கடிகாரம் எல்லாம் கழற்றியாக வேண்டும். மோட்டாரை ஓட்டுவது வெறும் 24 வோல்ட்தான், தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் இந்த அளவு பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் முனையிலேயே ஒட்டி உருகும், மோதிரம் விரலோடு சேர்ந்து வேகும். ஸ்பேனரின் தலையை மட்டும் விட்டு மீதியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டோம். மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அந்தத் துளையில் இருந்தபடி பேட்டரி முனைகளைத் தொட்டால் மீட்டரே ஷார்ட் கம்பி ஆகிவிடும்.

கம்பிகளைக் கழற்றும் முன் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்தாயிற்று. முதலில் கன்ட்ரோலர் (ஜாய்ஸ்டிக் சொல்கிறபடி மோட்டாரை ஓட்டும் பெட்டி) பிளக், பிறகு இரண்டு பேட்டரிக்கும் இடையிலான ஜம்பர் கம்பி. ஜம்பர் போனதும் 24 வோல்ட் என்பதே இல்லை; தனித்தனி 12 வோல்ட் இரண்டுதான்.

முதல் அளவு

சார்ஜரை எடுத்த உடனே அளந்தால் மேற்பரப்புச் சார்ஜ், அதாவது தகடுகளின் மேற்பரப்பில் தங்கி வோல்ட்டேஜைக் கொஞ்ச நேரம் கூட்டிக் காட்டும் சார்ஜ், ஏமாற்றும். குறைந்தது 4 மணி நேரம் ஓய்வு வேண்டும், 12 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. ஓய்வுக்குப் பிறகு சார்ஜ் பிளக்கில் 25.24 வோல்ட். முக்கால் பங்குக்கு மேல் இருப்பதுபோலத் தெரியும் எண், குறை கண்டுபிடிக்க முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் வலது 12.86, இடது 12.38. ஏ.ஜி.எம். பேட்டரி ஓய்வில் 12.8-க்கு மேல் காட்டினால் ஏறக்குறைய முழுச் சார்ஜ், 12.2 அல்லது 12.3 என்றால் பாதி, 11.9-க்குக் கீழே போனால் காலி. ஒரே சார்ஜரில், ஒரே கம்பியில் தொங்கும் இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட் வித்தியாசம் வரக்கூடாது. 0.1-ஐத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும்.

காரணம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கைபேசிக்கான யு.எஸ்.பி. அடாப்டருக்காக இடது பேட்டரியின் இரு முனையிலிருந்து மட்டும் மெல்லிய கம்பி இழுத்திருந்தார்கள். 12 வோல்ட் சுலபமாகக் கிடைக்கும் இடம் அதுதான் என்பதால் பலரும் செய்வது. ஆனால் அடாப்டர் தின்பது இடது பேட்டரியை மட்டும். சார்ஜரோ இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தைத்தான் அனுப்பும். வலது நிறைந்ததும் மொத்த வோல்ட்டேஜ் ஏறி, சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைத்துப் பச்சைக்குப் போய்விடும். இடது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறையோடு நிற்கும். குறைசார்ஜில் நிற்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகம் பெரிதாகி இறுகும். இறுகியது சார்ஜில் கரையாது. கைபேசிக்கு மின்சாரம் வேண்டுமென்றால் 24 வோல்ட் முழுவதிலிருந்தும் எடுத்து 5 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டரைத் தனி ஃப்யூஸோடு போடுங்கள். நாற்காலித் தயாரிப்பாளரின் யு.எஸ்.பி. இணைப்பு கிடைத்தால் அதுவே மேல்.

சார்ஜ் ஏறும்போது அளந்தது

ஜம்பரை மறுபடி போட்டு, சார்ஜரை இணைத்து, மின்னோட்டம் குறையத் தொடங்கும் கட்டத்தில் அளந்தோம். மொத்தம் 28.8, இது ஏ.ஜி.எம்.முக்குச் சரியான அளவு. பிரிந்த விதம்தான் கோணல்: வலது 14.9, இடது 13.9. சார்ஜர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

இதன் முற்றிய வடிவத்தைச் சொல்லிவிட வேண்டும், தவறான பேட்டரியைத் தூக்கி எறிவது இங்கேதான் நடக்கும். ஒரு பேட்டரியில் ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஆறு செல் (தனி அறைகள்), இரண்டில் பன்னிரண்டு. அதில் ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே 28.8 வோல்ட் இப்போது பதினொரு செல்லுக்குப் பங்காகும்: செல்லுக்கு 2.62. நல்ல பேட்டரிக்கு 15.7 வோல்ட், கெட்டதற்கு 13.1. நல்லதுதான் அளவு மீறி ஏறி, வாயு கக்கி, சூடாகி, பக்கம் வீங்கும். கெட்டது சமர்த்தாக 13.1 காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீங்கியதை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குப் போகும். ஓய்வில் ஒரு பேட்டரி 10.5 அல்லது 10.7 காட்டி, சார்ஜ் போட்டு எடுத்தாலும் அங்கேயே திரும்பி வந்தால் அதில் ஒரு செல் போய்விட்டது. அந்த ஜோடியைச் சார்ஜில் போடவே கூடாது: மின்னோட்டம் குறையாது, சூடு ஏறும், சூடு ஏறினால் மின்னோட்டம் இன்னும் கூடும்.

தனித்தனிச் சார்ஜ், பிறகு லோடு டெஸ்ட்

இரண்டையும் முழுக்கப் பிரித்து, ஏ.ஜி.எம். நிலை உள்ள 12 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜரில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். பழைய கார் சார்ஜர் வேண்டாம். வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தாத சார்ஜர் சீல் செய்த பேட்டரியை உலர்த்திவிடும், இழந்த நீரை ஊற்ற வழியில்லை. ஜெல் வகையாக (அமிலம் கூழாக இருப்பது) இருந்தால் இன்னும் எச்சரிக்கை: 14.1 முதல் 14.4 வோல்ட்டுக்கு மேல் போனால் ஜெல்லுக்குள் குமிழி உண்டாகி அங்கேயே தங்கிவிடும், அந்த இடம் இனி வேலை செய்யாது. லேபிளில் அச்சிட்ட வோல்ட்டேஜ்தான் கடைசி வார்த்தை. அதுவும் 25 டிகிரிக்கான அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 0.02 வோல்ட் குறைய வேண்டும். வெயிலில் காய்ந்த அறையில் 35 டிகிரி என்றால் 0.2 வோல்ட். சார்ஜரில் வெப்ப ஈடு இல்லையென்றால் குளிர்ந்த நேரத்தில் சார்ஜ் போடுவதே வழி.

நிறைந்து, ஓய்வெடுத்த பிறகு இடதும் 12.8-ஐத் தொட்டது. சரியாகிவிட்டது என்று பலர் நிறுத்திவிடும் இடம் இது. வோல்ட்டேஜ் சொல்வது பாத்திரம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும்; பாத்திரம் எவ்வளவு பெரியது என்று சொல்லாது. அதற்கு இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

லோடாக, அதாவது மின்சாரத்தை இழுக்கும் சுமையாக, 12 வோல்ட், 55 வாட் கார் ஹாலஜன் பல்ப் போதும். பீங்கான் ஓட்டின் மேல் வைத்து, 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக இணைத்தோம். பல்ப் கடுமையாகச் சுடும், பக்கத்தில் துணியோ காகிதமோ கூடாது, ஆளில்லாமல் விட்டுப் போகவும் கூடாது. அளந்த மின்னோட்டம் சராசரி 4.5 ஆம்பியர். அரை மணிக்கு ஒருமுறை வோல்ட்டேஜ் குறித்து, பேட்டரி முனையில் 10.5 வோல்ட் வந்ததும் நிறுத்த வேண்டும். 11.5-க்குக் கீழே வந்தபின் சரிவு வேகமாக இருக்கும், அங்கிருந்து பக்கத்திலேயே இருங்கள்.

வலது 9 மணி 20 நிமிடம் தாங்கியது: 42 ஏ.எச். இடது 5 மணி 50 நிமிடம்: சுமார் 26 ஏ.எச். லேபிளில் உள்ள 55 என்பது 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கினால் கிடைப்பது. இந்த வேகத்தில் புதியதே ஏறத்தாழ 50 தான் தரும். அப்படிப் பார்த்தால் வலதில் 84 சதவீதம், இடதில் பாதி. தொடரில் போட்ட ஜோடியின் தூரம் பலவீனமானதன் தூரம்தான். இடது காலியான பிறகும் வலது தள்ளிக்கொண்டே இருந்தால் இடதின் செல்கள் தலைகீழாகச் சார்ஜ் ஆகிச் சாகும். டெஸ்ட் முடிந்ததும் இரண்டையும் அப்போதே சார்ஜில் போட்டாயிற்று. காலியாக ஒரு வாரம் கிடந்தாலே சல்ஃபேட் வேலையைத் தொடங்கிவிடும்.

பல்ஸ் கொடுத்து சல்ஃபேட்டைக் கரைக்கும் கருவிகள் விற்கிறார்கள். பாதிக்கு வந்துவிட்ட பேட்டரியை அதில் போட்டு, ஆள் உட்காரும் வண்டிக்கு நம்பி வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

புதிய ஜோடி

இரண்டையும் மாற்றுவது என்று முடிவு. வலது இன்னும் நன்றாக இருக்கிறதே என்று ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய கதைதான். ஒரே தயாரிப்பு, ஒரே மாடல், ஒரே தயாரிப்புத் தேதிக் குறியீடு. வாங்கிய உடனே தனித்தனியாக அளந்தோம், 12.5-க்குக் கீழே இருந்தால் கிடங்கில் வெகுநாள் கிடந்தது என்று பொருள், திருப்பிக் கொடுக்கலாம்.

முனைகளில் வெள்ளைப் பொடி இருந்த கம்பி வளையங்களைச் சமையல் சோடா கரைத்த நீரில் துடைத்து, உலர்த்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். ஒரு வளையத்தின் அடியில் காப்புறை கருகியிருந்தது. கழன்ற போல்ட் சூடாகும், அந்த வளையத்தை வெட்டிப் புதிதாக அழுத்திப் பொருத்த வேண்டியிருந்தது. வளையம் முனையை நேராகத் தொட வேண்டும், வாஷர் அதன் மேல்தான். நடுவில் வாஷர் புகுந்தால் மின்தடை கூடும். இறுக்கும் விசை பேட்டரி லேபிளில் இருக்கும். ஈய முனையில் வெறியோடு திருகினால் உள்ளிருக்கும் சீல் விரிசல் விடும். கடைசியில் மெல்லிய பூச்சாக வாசலின்.

இடதின் நெகட்டிவிலிருந்து வலதின் பாசிட்டிவுக்கு ஜம்பர். மீதி இரு முனைகளும் வயரிங்குக்கு, பாசிட்டிவ் பக்கம் ஃப்யூஸ் கழற்றிய நிலையில். பிறகு ஃப்யூஸைப் போட்டு, கன்ட்ரோலரைச் செருகும் முன் அந்தப் பிளக்கிலேயே அளவும் துருவமும் பார்த்தோம். துருவம் மாறினால் ஒரே நொடியில் கன்ட்ரோலர் போகும். ஃப்யூஸ் எரிந்தால் பெரிய எண் ஃப்யூஸ் போடுவது தீர்வல்ல, எங்கோ கம்பி உரசித் தேய்ந்திருக்கலாம்.

லித்தியம் போடலாமே என்ற கேள்வி வரும். இந்த வண்டியில் வேண்டாம் என்றே சொல்கிறோம். ஈயப் பேட்டரி ஒவ்வொன்றும் 17, 18 கிலோ. அந்தக் கனம்தான் சரிவில் நாற்காலியைக் கவிழாமல் பிடிக்கிறது. இன்னொன்று, இறக்கத்தில் மோட்டார் பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். நிறைந்திருக்கும் லித்தியம் பேட்டரியின் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் உள் மின்சுற்று) அதை வாங்க மறுத்துத் துண்டித்தால் கன்ட்ரோலர் பிழை காட்டி வண்டி சரிவின் நடுவே நின்றுவிடலாம். தயாரிப்பாளரே லித்தியத்துக்கு என்று அமைத்த வண்டி வேறு விஷயம்.

தினசரிச் சார்ஜ்

சுவிட்சை அணைத்து, சார்ஜரை நாற்காலியில் செருகி, பிறகு சுவர் சுவிட்ச். எடுக்கும்போது தலைகீழ் வரிசை. பின்னில் பொறி பறக்காது. மூன்று பின் கொண்ட வட்டச் சாக்கெட்டில் 1 பாசிட்டிவ், 2 நெகட்டிவ், 3 வண்டியை ஓடவிடாமல் தடுப்பது. சார்ஜர் செருகியிருக்கும்போது வண்டி நகர்ந்தால் அந்த மூன்றாவது கம்பி அறுந்திருக்கிறது, உடனே பாருங்கள். பின் கறுத்திருந்தால் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு நாளும், குறைவாக ஓட்டியிருந்தாலும், இரவில் சார்ஜ். ஈயப் பேட்டரிக்கு ஞாபக விளைவு கிடையாது, முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது தவறு. நேரக் கணக்கு: 25 ஏ.எச். ஓட்டியிருந்தால் 8 ஆம்பியர் சார்ஜரில் மூன்று மணி நேரம் போலத் தெரியும். கடைசி இருபது சதவீதம் மெதுவாக ஏறுவதால் 7, 8 மணி ஆகும். பச்சை வந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவைப்பது ஜோடி சமமாக உதவும். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு சார்ஜரை நாற்காலியிலேயே விடாதீர்கள், சில சார்ஜர்கள் பேட்டரியிலிருந்து மெல்ல உறிஞ்சும்.

சார்ஜர் கடினமான தளத்தில், காற்றோட்டமாக. மெத்தை, கம்பளம், மூடிய அலமாரி கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரோ கான்சென்ட்ரேட்டரோ ஓடும் இடத்தில் சார்ஜ் கூடாது. அறையை விட்டு வெளியேறும் வழியை அடைத்தபடியும் நிறுத்தக் கூடாது. சார்ஜில் இருக்கும்போது அழுகிய முட்டை வாடை வந்தால் சுவர் சுவிட்சை அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே கொண்டுபோங்கள். பேட்டரி தொடும் சூட்டுக்கு வரும்வரை பிளக்கில் கை வேண்டாம்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் முழுச் சார்ஜ் ஏற்றி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, மாதம் ஒருமுறை மேல்சார்ஜ்.

பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிய தாளில் பொருத்திய தேதி, ஓய்வில் இடது 12.88, வலது 12.89, சார்ஜ் உச்சியில் 14.4, 14.4. புதிய ஏ.ஜி.எம். முதல் பத்துப் பதினைந்து சுற்றில்தான் முழுக் கொள்ளளவுக்கு வரும் என்பதால் பல்ப் டெஸ்ட் அதற்குப் பிறகு, அந்த ஏ.எச். கணக்குக்கு இரண்டு கட்டம் காலியாக விட்டிருக்கிறது.