காஸ்பியன் புலி திரும்புமா?

துருக்கி முதல் மத்திய ஆசிய நாணற்காடுகள் வரை உலவிய காஸ்பியன் புலி, வேட்டையாலும், பருத்தி வயல்களுக்காக அக்காடுகள் அழிக்கப்பட்டதாலும் இருபதாம் நூற்றாண்டில் அற்றுப்போனது. அது சைபீரியப் புலிக்கு மரபணுவில் மிக நெருங்கியது என்பதை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியதால், உறவுப் புலியையே அங்கு குடியேற்றலாம் என்ற வழி பிறந்தது.

கஜகஸ்தான் 2018-இல் பால்காஷ் ஏரியருகே, இலி ஆற்றின் கழிமுகத்தில் காப்பகம் அமைத்து, முதலில் புகாரா மான்களை விட்டது. இரையில்லாக் காட்டில் புலியை விடுவது அதனை ஊர்க் கால்நடைகளின்மேல் ஏவுவதற்குச் சமம் என்பதால், இந்த வரிசையே சரியென்பேன். 2024-இல் நெதர்லாந்திலிருந்து போதனா, கூமா என்னும் இரு புலிகள் வந்தன. காட்டுக்குச் செல்ல வேண்டியவை அவையல்ல, அவற்றுக்குப் பிறக்கக்கூடிய குட்டிகளே. எனக்குள்ள கவலை தண்ணீரைப் பற்றியது: இலி ஆறு சீனாவிலிருந்து வருகிறது, அங்கே பாசனத்துக்கு எடுக்கும் நீர் கூடினால், இங்கே நாணலும் மானும் குறையும்.