மவுண்ட் ஆகாத ஃபோல்டருக்குள் போன பேக்கப்

என் லினக்ஸ் கணினியின் பேக்கப் ஒரு என்எஃப்எஸ் ஷேருக்குப் போக வேண்டும், அதாவது நெட்வொர்க் வழியாக ஓர் உள்ளூர் ஃபோல்டரில் இணைக்கும் (மவுண்ட் செய்யும்) சர்வர் ஃபோல்டருக்கு. பூட் ஆகும்போது அந்த ஷேர் சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் எல்லாவற்றையும் மவுண்ட் செய்யும் 'மவுண்ட் -ஏ' கட்டளையைக் கொடுத்தால் உடனே வந்துவிடும். கையால் கொடுத்தால் வருகிறதென்றால் சர்வரிலும் அது ஃபோல்டரைப் பகிரும் எக்ஸ்போர்ட்டிலும் கோளாறில்லை. பூட்டில் எது முந்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பூட் பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -பி'யில் விடை இருந்தது. சர்வர் பெயரை ரிசால்வ் செய்ய, அதாவது அதன் ஐபி முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் மவுண்ட் தோற்றிருந்தது. நெட்வொர்க் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. பூட்டில் எது எப்போது தொடங்க வேண்டும் என்று வரிசைப்படுத்தும் சிஸ்டம்டி, என்எஃப்எஸ் மவுண்டை 'நெட்வொர்க்-ஆன்லைன்' டார்கெட் (நெட்வொர்க் தயாரான கட்டம்) என்பதற்குப் பின்னால்தான் வைக்கிறது. ஆனால் அந்த டார்கெட்டை நிஜமாகக் காத்திருக்க வைப்பது 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்' சர்வீஸ். பூட் சீக்கிரம் முடியட்டும் என்று அதை முன்பே டிசேபிள் செய்திருந்தேன்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் ரூட் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். டிஸ்க்கில் நிரம்பிய இடமாக 'டிஎஃப்' காட்டிய அளவுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களை 'டியூ' கூட்டித் தந்த அளவுக்கும் பெரிய வித்தியாசம். மவுண்ட்டுகளுக்கு அடியில் இருப்பதும் தெரியும்படி ரூட்டை வேறொரு ஃபோல்டரில் பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தபோது மனம் பதறிவிட்டது. ஷேர் வராத நாட்களின் பேக்கப் எல்லாம் உள்ளூர் டிஸ்க்கில் கிடந்தது! மவுண்ட் ஆகாத மவுண்ட் பாயின்ட் வெறும் ஃபோல்டர்தானே. ஸ்கிரிப்ட் அதற்குள் எழுதிவிட்டது. பிறகு மவுண்ட் ஆனதும் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துவிட்டன. சர்வரில் பத்திரமாக இருப்பதாக நான் நம்பிய பேக்கப் அங்கே போகவே இல்லை.

அவற்றைச் சர்வருக்கு நகர்த்தினேன். மவுண்ட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் இந்த ஷேருக்கான வரியில் 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' சேர்த்தேன், 'எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்'டை 30 நொடி என்று வைத்தேன். சிஸ்டம்டி புது அமைப்பைப் படிக்க 'டீமன்-ரீலோட்' கொடுத்து ரீபூட் செய்தேன். இப்போது ஃபோல்டரை யாராவது தொடும்போதுதான் மவுண்ட் நடக்கிறது. சர்வர் கிடைக்காவிட்டால் எர்ரர் வருமே தவிர, பேக்கப் உள்ளூர் டிஸ்க்கில் எழுதப்படாது. அதோடு விடாமல், ஷேரைக் கழற்றியிருந்தபோதே அடியிலிருந்த காலி ஃபோல்டருக்கு, அதை மாற்ற முடியாதபடி பூட்டும் 'சிஎச்அட்டர் +ஐ' போட்டுவைத்தேன். ஆட்டோமவுண்டே இல்லாமல் போனாலும் ரூட் பயனரால்கூட அதில் ஃபைல் உருவாக்க முடியாது.

ஸ்கிரிப்டையும் மாற்ற வேண்டியிருந்தது. ஃபோல்டரில் ஏதாவது மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் 'மவுண்ட்பாயின்ட் -கியூ' இனி உதவாது. ஷேர் வராவிட்டாலும் ஆட்டோமவுண்ட் வைக்கும் ஆட்டோஎஃப்எஸ் என்ற காவல் மவுண்ட் அங்கே இருப்பதால் ஆம் என்றே சொல்லும். முதலில் 'எல்எஸ்' கொடுத்துத் தொட்டுவிட்டு, மவுண்ட்டுகளைப் பட்டியலிடும் 'ஃபைண்ட்மவுண்ட்'டில் வகை என்எஃப்எஸ்4 (என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்பு) தானா என்று கேட்டுப் பார்க்கிறேன். இல்லையென்றால் பேக்கப் அங்கேயே நின்று எனக்கு மெயில் அனுப்புகிறது.