அப்பாவின் விபத்து வழக்கில் எடுபட்ட சாட்சியங்கள்

அப்பா கொத்தனார். திருப்பூரில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது கார் மோதி வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் 6 மாதக் கெடு வைத்திருந்ததால், கால் குணமாகும்வரை காத்திருக்காமல் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டு மனு போட்டோம்.

எஃப்ஐஆர்தான் எல்லாம் என்பார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது ஏஆர் காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் (Accident Register) நகல். விபத்தில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் பணியில் இருக்கும் டாக்டர் எழுதும் பதிவு அது. எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டது, என்னென்ன காயம் என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் எஃப்ஐஆர் மறுநாள்தான் பதிவானது. அதைப் பிடித்துக்கொண்டு, "தானாக விழுந்துவிட்டுக் காரைச் சேர்த்துவிட்டார்கள்" என்றார் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல். 'கார் மோதி' என்று அன்றிரவே டாக்டர் எழுதியிருந்த வரிக்கு முன்னால் அந்த வாதம் நிற்கவில்லை. பதற்றத்தில் கூட வந்தவர் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லி, அதுவே ஏட்டில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. கூடப் போகிறவர்கள் தயவுசெய்து நடந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மேஸ்திரி வாரக்கூலி எழுதிவந்த நோட்டைக் கொடுத்தார், கூண்டேறிச் சாட்சியும் சொன்னார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அந்த மனிதரை மறக்க முடியாது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை தொழிலை உறுதிசெய்தது. மருந்துக் கடை பில்கள் தேதிவாரியாக இருந்ததால் அதில் சிக்கல் வரவில்லை.

பெரிய போராட்டம் ஊனத்தைப் பற்றியது. மருத்துவ வாரியம் 35 சதவீதம் என்றது. வருமான இழப்பும் அவ்வளவுதான் என்றது எதிர்த்தரப்பு. எங்கள் வக்கீல் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினார். இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும், அரசு எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம்; அதனால் செய்யும் தொழிலைப் பார்த்தே இழப்பைக் கணக்கிட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. அப்புறம் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்: சாரத்தில் ஏறி நிற்க முடியுமா? குத்தவைத்துப் பூச முடியுமா? இரண்டுக்குமே முடியாது என்றார் டாக்டர்.

தீர்ப்பாயம் ஆண்டு வருமான இழப்பை 60 சதவீதமாக எடுத்து, 44 வயதுக்கு உரிய பெருக்கெண்ணான 14-ஆல் பெருக்கியது. கூலியை மட்டும் நோட்டில் இருந்ததைவிடக் குறைத்துவிட்டது. அது நியாயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மேல்முறையீடு பற்றி வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.