குழாயில் வரும் எண்ணெயும் கச்சான் தோட்டமும்

திருகோணமலையை எரிசக்தி மையமாக்க 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் கையெழுத்திட்டன. இந்தியாவிலிருந்து எண்ணெய்க் குழாய்வழியும் திட்டத்தில் உண்டு. கப்பல் செலவு குறையுமாம். குறையட்டும்.

எங்கள் விசுவமடுத் தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரம் பெற்றோலில்தான் இயங்கத் தொடங்கும். சூடேறியதும் அப்பா சின்னப் பிடியை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவார். 2022 ஓகஸ்டில் அந்த மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது. கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) இறைப்பைத் தள்ளிப்போட்டோம். கச்சான் வாங்கும் வியாபாரியோ எங்கள் செலவைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. டீசலோடு ஏறிய உழவுக்கூலி, டீசல் இறங்கியபோது இறங்கவும் இல்லை (இந்த மாயம் எல்லா ஊரிலும் உண்டுதானே).

குழாயில் மிச்சமாகும் காசில் எவ்வளவு எங்கள் ஊர்ப் பரந்தன் – முல்லைத்தீவு வீதிவரை வந்துசேரும் என்று அப்பாவிடம் கேட்டேன். "முதலில் குழாய் வரட்டும் தம்பி" என்றவர், சோலார் தகட்டின் விலையை விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.