பிக்கப்பிலேயே குடியிருக்கும் கேம்பர்

அமெரிக்காவின் கொலராடோவில், எங்கள் பிக்கப் டிரக்கின் திறந்த பின்பகுதியில் தூக்கி வைக்கும் சின்ன வீடு மாதிரியான கேம்பர் ஏறக்குறைய வருஷம் முழுக்க ஏறியேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சாவியை எடுத்தால் கிளம்பிவிடலாம். அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது.

ஆனால் எடையில் கண்டிப்பு வேண்டும். டிரைவர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். வண்டி தாங்கும் எடை அதில் இருக்கும். கேம்பர் மட்டுமல்ல, நாம், நாய், கேஸ் சிலிண்டர் எல்லாமே அந்தக் கணக்கில்தான். தண்ணீர் மட்டுமே ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு! டேங்கை நிரப்பி, லாரி எடைமேடையில் பின் அச்சின் மேல் விழும் எடையைத் தனியாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நாலு மூலையிலும் கேம்பரை வண்டியோடு இழுத்துக் கட்டும் டர்ன்பக்கிள், அதாவது திருகி இறுக்கும் இணைப்பு. மண் சாலையில் குலுங்கினால் தளரும். இறங்கும்போதெல்லாம் கையால் ஆட்டிப் பார்ப்பேன்.

குளிர்காலச் சாலை உப்பு கேம்பருக்கு அடியில் போய்த் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். அதற்காகவே வசந்தத்தில் ஒருமுறை இறக்கி, அடியில் போட்டிருக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கிக் கழுவுகிறோம்.